ஆட்டம் முடிந்ததும் 40,000 பேர் எங்கே நிற்பார்கள்?

கேள்வி இதுதான். சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம், செம்மஞ்சேரியில் அரசு அறிவித்த விளையாட்டு நகரத்தைப் போன்ற ஓர் இடத்தில், 40,000 பேர் அமரும் புதிய கால்பந்து மைதானம் வந்தால் போட்டி நாளில் மக்கள் எப்படிப் போய் வருவார்கள்? மெட்ரோ வரத்தான் போகிறது, கூடவே பெரிய பார்க்கிங் ஒன்றும் கட்டிவிட்டால் போதாதா? லிவர்பூலில் எவர்டன் அணி புது மைதானத்துக்கு மாறியபோது அங்கே என்ன செய்தார்கள்? இவற்றோடு ஒரு துணைக் கேள்வியும் இருக்கிறது: அதுவரை மேடவாக்கத்திலிருந்து நேரு ஸ்டேடியத்துக்குப் போக எது நல்ல வழி?

போக்குவரத்துத் திட்டமிடல் என் தொழில். கால்பந்து என் பலவீனம். ஆகவே பதில் கொஞ்சம் நீளும்.

மைதானத்துக்குப் போவது பெரிய பிரச்சினையே இல்லை. ஆட்டம் 7.30 மணிக்கு என்றால் ஐந்தரைக்கே வந்து வாசலில் கொடி பிடித்து நிற்பவர்கள் உண்டு. ஏழு இருபதுக்கு மூச்சிரைக்க ஓடி வருபவர்களும் உண்டு. கூட்டம் இரண்டு மணி நேரத்தில் சிறுகச் சிறுக வந்து சேர்கிறது. திரும்பும்போது கதை வேறு. நடுவர் கடைசி விசில் ஊதியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கிறார்கள். மைதானத்தைக் கட்டுபவர்களும் அவர்களை வேகமாக வெளியே அனுப்பும்படிதான் கட்டுகிறார்கள். பிரிட்டனில் மைதானப் பாதுகாப்புக்கென்று ஒரு வழிகாட்டி நூல் இருக்கிறது. பச்சைப் புத்தகம் என்று சொல்வார்கள், உலகம் முழுக்கக் கட்டுமானக்காரர்கள் எடுத்துப் பார்ப்பது. சாதாரண நாளிலேயே பார்வையாளர் எல்லோரும் 8 நிமிடத்துக்குள் இருக்கைப் பகுதியை விட்டு வெளியேற முடிய வேண்டும் என்பது அதன் கணக்கு. சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் என்று வைத்து வழிகளின் அகலத்தை முடிவு செய்கிறார்கள்.

40,000 பேர், 8 நிமிடம். நிமிடத்துக்கு 5,000 பேர் வெளியே வருகிறார்கள்.

இனி மெட்ரோவுக்கு வருவோம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்ட வழித்தடங்களில் ஓடப்போவது மூன்று பெட்டி ரயில்கள். நெருக்கி ஏற்றினால் ஒரு ரயிலில் சுமார் 900 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் விட்டால் ஒரு திசையில் நிமிடத்துக்கு 180 பேர். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் வழித்தடத்தில் செம்மஞ்சேரி தெற்கு முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆட்டம் பார்த்துவிட்டு இரவு ஒன்பதரைக்குச் சிறுசேரி பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆக, கூட்டம் முழுக்க வடக்கே போகும் ரயிலைத்தான் நம்பியிருக்கும். பாதிப் பேர், அதாவது 20,000 பேர் மெட்ரோவுக்கு வந்தால், கடைசி ஆள் ரயிலேற ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று சுருக்கினாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஒரு வசதியும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். முனைக்குப் பக்கம் என்பதால் அங்கே வரும் ரயில்கள் பெரும்பாலும் காலியாக வரும். நகர நடுவில் இருக்கும் நிலையத்துக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது.

நிமிடத்துக்கு 5,000 பேர் வெளியே வருகிறார்கள். ரயில் 180 பேரையோ 300 பேரையோதான் எடுத்துக்கொள்கிறது. நடுவில் மிஞ்சுகிறவர்கள் எங்கே நிற்பார்கள்? புதிய மைதானம் கட்டும் எவரிடமும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். இதற்கு வரைபடத்தில் விரல் வைத்து ஓர் இடத்தைக் காட்ட முடியாவிட்டால் மற்றதெல்லாம் அலங்காரம்.

அந்த இடத்தை யோசிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, மெரினாவில் விமானப் படையின் சாகச நிகழ்ச்சி. லட்சக்கணக்கானோர் காலை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். பறக்கும் ரயில் நிலையங்களின் நடைமேடைகள் நிரம்பி வழிந்தன, சாலைகள் நகரவில்லை, வெயிலில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் மக்கள் தவித்தார்கள். அன்று ஐந்து பேர் இறந்துபோனார்கள். வந்த கூட்டத்துக்கு ஓரளவாவது ஏற்பாடு இருந்தது. போகும் கூட்டத்துக்கு இல்லை.

கால்பந்து உலகத்துக்கு இந்தப் பாடம் மிகக் கொடூரமாகக் கிடைத்தது கிளாஸ்கோவில். 1971 ஜனவரி 2 அன்று ஐப்ராக்ஸ் மைதானத்தில் ரேஞ்சர்ஸ், செல்டிக் அணிகளின் ஆட்டம் முடிந்து வெளியேறும்போது 13-ஆம் எண் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு 66 பேர் இறந்தார்கள். குறிப்பாக அந்தப் படிக்கட்டில் அவ்வளவு கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம், சுரங்க ரயில் நிலையத்துக்கு அதுவே கிட்டத்து வழி. ரயில் எங்கே நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் கூட்டம் சாயும். மைதானத்துக்கு நான்கு பக்கமும் வாசல் வைத்தாலும், நிலையம் ஒரு பக்கம் இருந்தால் அந்த வாசல் மட்டும் மற்ற மூன்றின் சுமையையும் தாங்கும். முன்னே சொன்ன பச்சைப் புத்தகத்தின் முதல் பதிப்பு 1973-இல் வந்தது. அதன் பின்னணியில் இருப்பது இந்தப் படிக்கட்டுதான்.

இதனால்தான் "ஸ்டேடியம் வாசலிலேயே மெட்ரோ நிலையம்" என்ற விளம்பரத்தைக் கேட்டால் எனக்கு உற்சாகம் பிறப்பதில்லை. லண்டனில் ஆர்சனல் அணியின் எமிரேட்ஸ் மைதானத்துக்கு மிக அருகில் இருக்கும் ஹாலோவே ரோடு நிலையத்தைப் போட்டி நாளில் வேண்டுமென்றே கட்டுப்படுத்திவிடுவார்கள். ஆட்டம் முடிந்த நேரத்தில் அதற்குள் போக விட மாட்டார்கள். கூட்டத்தைச் சற்றுத் தள்ளியிருக்கும் மற்ற நிலையங்களுக்கு நடக்க வைக்கிறார்கள். பத்துப் பதினைந்து நிமிட நடை என்பது பயணிக்குச் சிரமமாகத் தெரியலாம், ஆனால் கூட்டத்துக்கு அது மருந்து. இளைஞன் வேகமாக நடக்கிறான், குழந்தையைத் தோளில் சுமந்தவர் மெதுவாக வருகிறார், நால்வர் கடைசி நிமிட கோலைப் பற்றிச் சண்டை போட்டபடி தேநீர்க் கடையில் நின்றுவிடுகிறார்கள். வாசலில் ஒரே கட்டியாகக் கிளம்பிய கூட்டம் ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் நூலாக இழைந்துவிடுகிறது.

நடக்கும் பாதை ஒழுங்காக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். 2022 மே 28 அன்று பாரிஸின் ஸ்டேட் டி பிரான்ஸ் மைதானத்தில் லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும் மோதிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி அரை மணிக்கு மேல் தாமதமாகத் தொடங்கியது. மூன்று ரயில் வழித்தடங்கள் வந்து சேரும் மைதானம் அது. அன்று ஒரு வழித்தடத்தில் வேலைநிறுத்தம். அதில் வர வேண்டியவர்கள் வேறொரு வழித்தடத்துக்கு மாறினார்கள். அங்கிருந்து மைதானத்துக்குப் போகும் பாதை ஒரு மேம்பாலத்தின் அடியில் குறுகிப்போகிறது. டிக்கெட் பரிசோதனையையும் அதே குறுகலில் வைத்திருந்தார்கள். விளைவு, கையில் டிக்கெட்டோடு ஆயிரக்கணக்கானோர் வெளியே அடைபட்டார்கள். ஆக, ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். செம்மஞ்சேரிக்கு ரயில் வழி என்று இருக்கப்போவது ஒன்றே ஒன்று.

பார்க்கிங்குக்கு வருகிறேன். கேட்டவருக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம் என்று தெரிகிறது. கணக்கைப் போட்டே பார்க்கலாம். 40,000 பேரில் 12,000 பேர் காரில் வருகிறார்கள், காருக்கு மூன்று பேர் என்றால் 4,000 கார்கள். ஒரு காரை நிறுத்தவும் திருப்பவும் சேர்த்து 25 சதுர மீட்டர் வேண்டும். மொத்தம் ஒரு லட்சம் சதுர மீட்டர், அதாவது 25 ஏக்கர். ஆடுகளம் 105-க்கு 68 மீட்டர்தான். அதுபோல் பதினான்கு ஆடுகளம் அளவுக்கு நிலத்தைத் தார் போட்டு மூட வேண்டும். அதுவும் எந்த ஊரில்? உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் அண்டை வீட்டில், மழைக்காலம் தோறும் தண்ணீர் புகுந்து செய்தியில் அடிபடும் பகுதியில். இவ்வளவும் செய்தபின் வெளியேறும் வழி? பிரதான சாலையில் இணையும் ஒரு வாசலில் மணிக்கு 600 கார் வெளியேறினால் அதுவே பெரிய விஷயம். நான்கு வாசல் வைத்தால், 4,000 காரும் வெளியே வர நூறு நிமிடம். அதுவும் பழைய மாமல்லபுரம் சாலை அந்தக் கார்களை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டால்.

சாலையை மட்டும் நம்பி பெரிய கூட்டத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதை 2023 செப்டம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூர் இசை நிகழ்ச்சி நடந்த இரவில் ஊரே பார்த்தது. டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். முதலமைச்சரின் வாகன வரிசையே நெரிசலில் மாட்டிக்கொண்டது. அந்தச் சாலையில் ரயிலே கிடையாது.

நம் ஊர்க் கூட்டத்தில் கார் ஒரு பகுதிதான். பெரும்பகுதி இருசக்கர வாகனம். வெளிநாட்டுக் கணக்கை அப்படியே எடுத்துப் போட்டால் இங்கே பொருந்தாததற்கு முக்கியக் காரணம் இது. 15,000 பேர் இருவர் இருவராக வந்தாலும் 7,500 வண்டிகள். ஒன்றுக்கு மூன்று சதுர மீட்டர் போதும், ஆறு ஏக்கருக்குள் அடங்கிவிடும். இடத்தைப் பொறுத்தவரை இருசக்கர வாகனம் சமர்த்து. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தலைக்கவசத்தை உள்ளே எடுத்துப்போக விட மாட்டார்கள். பையையும் பல இடங்களில் விடுவதில்லை. வாசலில் போய் நின்ற பிறகுதான் பாதிப் பேருக்கு இது தெரியவரும். வேலியோரம் வரிசையாகத் தலைக்கவசங்களைச் செருகி வைத்துவிட்டு, ஆட்டம் முடிந்து வந்து இருட்டில் தன்னுடையதைத் தேடுவார்கள். காவலர் ஒருவர் கைவிளக்கை அடித்துக் காட்ட, "கறுப்பு, கண்ணாடியில் கீறல் இருக்கும்" என்று அடையாளம் சொல்லும் பையன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாசலுக்கு வெளியே டோக்கன் போட்டுத் தலைக்கவசம் வாங்கி வைக்க ஒரு கூடம் கட்டினால் என்ன செலவாகிவிடும்?

எவர்டன் அணி என்ன செய்தது என்று பார்ப்போம். 1892 முதல் இருந்த குடிசன் பார்க்கை விட்டு, மெர்சி ஆற்றங்கரையில் பிராம்லி-மூர் துறைமுகத்தில் 52,000-க்கும் மேற்பட்டோர் அமரும் ஹில் டிக்கின்சன் மைதானத்துக்கு அவர்கள் மாறினார்கள். அங்கே முதல் பிரீமியர் லீக் ஆட்டம் 2025 ஆகஸ்ட் 24 அன்று நடந்தது. கிட்டத்து ரயில் நிலையமான சாண்ட்ஹில்ஸ் கால்மணி நேர நடைத் தூரத்தில் இருக்கும் ஒரு சிறிய நிலையம். அதை மாளிகையாக இடித்துக் கட்டாமல், பக்கத்தில் கூட்டம் வரிசையில் நிற்க ஓர் இடத்தை அமைத்தார்கள். நடைமேடையில் இடம் காலியாகக் காலியாக அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். திருப்பதிக்குப் போனவர்களுக்கு வைகுண்டம் கியூ காம்ப்ளக்ஸ் தெரியும். தத்துவம் அதே, தரிசனத்துக்குப் பதில் ரயில். நகர மையத்திலிருந்து அரை மணி நேரம் நடந்து வருவதையே முதல் வழியாகப் பரிந்துரைத்தார்கள். சிறப்புப் பேருந்துகளை விட்டார்கள். மைதானத்தைச் சுற்றி அரை மணி நடைத் தூரம் வரை போட்டி நாளில் வெளியார் வண்டியை நிறுத்தத் தடை கொண்டுவந்தார்கள். உள்ளூர்க்காரர்களும் கடைக்காரர்களும் அந்தத் தடையைப் பற்றி முணுமுணுக்காமல் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் நடத்திய ஒத்திகை. 2025 பிப்ரவரியில் இளைஞர் அணி ஆட்டம் ஒன்றுக்கு 10,000 பேரை மட்டும் விட்டார்கள். மார்ச்சில் 25,000 பேர். ஆட்டத்தின் முடிவைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையில்லை. எந்த மூலையில் கூட்டம் தேங்குகிறது, எந்தப் பலகை தப்பான பக்கம் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். நாமோ நேரே திறப்பு விழாவுக்குப் போகிறவர்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது அதற்கென்று ரயில் நிலையமும் இல்லை, மெட்ரோவும் இல்லை. மூட்டை முடிச்சுகளோடு இறங்கியவர்கள் நகருக்குள் வர மாநகரப் பேருந்துக்காகக் காத்து நின்றார்கள். முனையம் பெரியது, அழகானது, சந்தேகமில்லை. மைதானத்துக்கும் அதே வரிசையில் வேலை செய்தால் அதே கதைதான் நடக்கும்.

அப்படியானால் செம்மஞ்சேரியில் என்ன செய்யலாம்? 25 ஏக்கர் பார்க்கிங்குக்குப் பதிலாக மைதானத்துக்கும் நிலையத்துக்கும் நடுவில் இரண்டரை ஏக்கர் திறந்த திடல் கேட்பேன். ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்று தாராளமாக நின்றாலே அதில் 20,000 பேர் நிற்கலாம். நான்கு பேருக்கு மேல் போனால்தான் ஆபத்தின் எல்லை தொடங்குகிறது. அந்தத் திடலுக்குக் கூரை வேண்டும், ஏனென்றால் கால்பந்துப் பருவமும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே கைகோத்து வருகின்றன. தண்ணீரும் கழிப்பறையும் வேண்டும். சாப்பாட்டுக் கடைகள் ஆட்டம் முடிந்த பிறகும் திறந்திருக்க வேண்டும். ஆட்டம் முடிந்த சில நிமிடங்களில் விளக்கை அணைத்து, கடையை மூடச் சொல்லி, "கிளம்புங்க, கிளம்புங்க" என்று விரட்டுவது நம் ஊரில் பாதுகாப்பு ஏற்பாடாகக் கருதப்படுகிறது. உண்மையில் அது எல்லோரையும் ஒரே நொடியில் நடைமேடைக்குத் தள்ளும் வேலை. கால்வாசிப் பேர் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் தாமதித்தால் ரயிலில் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கும்.

பேருந்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நூறு பேருந்துகள், ஒவ்வொன்றிலும் 70 பேர் என்றால் ஒரே சுற்றில் 7,000 பேர் போய்விடுவார்கள். தாம்பரம், வேளச்சேரி, திருவான்மியூர் என்று ஊர்ப் பெயர் போட்டு நேரடியாக விட்டால், மெட்ரோவில் வடக்கே போய் மாறி வர வேண்டிய கட்டாயம் பாதிப் பேருக்கு இருக்காது. ஆனால் நூறு பேருந்தை வரிசையாக நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும். அந்த ஒரு கிலோமீட்டரை வரைபடத்திலேயே ஒதுக்க வேண்டும். போட்டி நாளன்று வாக்கிடாக்கியைப் பிடித்துக்கொண்டு சாலையில் தேடக் கூடாது.

டிக்கெட் விஷயத்தில் சென்னை ஏற்கெனவே கற்றுக்கொண்டிருக்கிறது. சேப்பாக்கம் ஐ.பி.எல். ஆட்டங்களுக்கு 2023-இல் ஆட்ட டிக்கெட்டைக் காட்டியே மெட்ரோவில் போகலாம் என்று செய்தார்கள். ரயில்களும் இரவு வழக்கமான நேரத்தைத் தாண்டி ஓடின. 2024-இல் மாநகரப் பேருந்திலும் அதே வசதி கிடைத்தது. இதில் பணம் மிச்சமாவது சின்ன லாபம்தான். பெரிய லாபம் நிலைய வாசலில் இருக்கிறது. தானியங்கிக் கதவின் முன்னே ஒருவர் வந்து நிற்கிறார், கைப்பேசியில் கியூஆர் டிக்கெட்டைத் தேடுகிறார், திரை மங்கலாக இருக்கிறது, வெளிச்சத்தைக் கூட்டுகிறார், இப்போது சமிக்ஞை இல்லை. பின்னால் பத்துப் பேர். இப்படி ஒவ்வொரு கதவிலும் ஒருவர் இருந்தால், ரயில் மூன்று நிமிடத்துக்கு ஒன்று வந்தும் காலியாகப் போகும். ஜெர்மனியில் பல கால்பந்து அணிகளின் ஆட்ட டிக்கெட்டே அன்றைய உள்ளூர் ரயில், பேருந்துப் பயணச்சீட்டும் ஆகிவிடுகிறது. நம் கிரிக்கெட்டுக்குச் செய்ததைக் கால்பந்துக்குச் செய்ய புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

கத்தாரில் 2022 உலகக் கோப்பை பார்த்துவிட்டு வந்த நம் ஊர்க்காரர்கள் பலர் இன்னும் "மெட்ரோ, திஸ் வே" என்று சிரித்துக்கொண்டு சொல்வார்கள். உயர நாற்காலியில் உட்கார்ந்து, கையில் பெரிய நுரைக் கையுறையோடு வழிகாட்டிய அந்த ஊழியர் உலகப் புகழ் பெற்றுவிட்டார். கோடிக்கணக்கில் செலவழித்துப் போட்ட ரயிலுக்குக் கடைசியில் தேவைப்பட்டது உரத்த குரலில் வழி சொல்லும் ஒரு மனிதர். இங்கேயும் அப்படிப் பத்து இளைஞர்கள் வேண்டும், தமிழில்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வார நாளில் இரவு 7.30 ஆட்டம் என்றால் ரசிகர்கள் ஆறு மணிக்குப் பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்தச் சாலை ஐ.டி. நிறுவனங்களின் பேருந்துகளுக்கும் கார்களுக்கும் சொந்தம். வார இறுதியில் மட்டும் ஆட்டம் வைப்பது அணி நிர்வாகத்தின் கையில் இல்லை, ஒளிபரப்புக்காரர்களின் கையில் இருக்கிறது. ஆகவே இதற்கு நல்ல விடை எதுவும் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு என் சொந்தக் கருத்து: மைதானத்தை அங்கே கொண்டுபோகவே வேண்டாம். சென்னையின் கால்பந்து வடசென்னையில் வாழ்கிறது. வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று சொல்கிறோம். பெரம்பூர், புளியந்தோப்பு, ராயபுரம், காசிமேடு என்று தெருவுக்குத் தெரு அணிகள். அந்தப் பையன்கள் இன்று நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தோ, மின்சார ரயிலில் சில நிறுத்தங்கள் கடந்தோ வந்துவிடுகிறார்கள். செம்மஞ்சேரி அவர்களுக்குச் சுமார் 30 கிலோமீட்டர்.

1993-இல் திறந்த நேரு ஸ்டேடியத்தில் குறைகள் இருக்கின்றன. ஓடுதளம் சுற்றி இருப்பதால் ஆட்டம் தூரத்தில் நடப்பதுபோல் இருக்கும், பெரியமேட்டுச் சந்துகள் குறுகல், பார்க்கிங் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் போக்குவரத்துக்காரன் கண்ணால் பார்த்தால் நாட்டில் இப்படி ஒரு கால்பந்து மைதானம் அபூர்வம். பத்துப் பதினைந்து நிமிட நடையில் சென்ட்ரல் மெட்ரோ. அங்கிருந்து நீல வழித்தடத்தில் விம்கோ நகர் பக்கமும் விமான நிலையம் பக்கமும், பச்சை வழித்தடத்தில் கோயம்பேடு பக்கமும் போகலாம். எதிரே பூங்கா நிலையத்தில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில், பூங்கா நகரில் வேளச்சேரி பறக்கும் ரயில், மூர் மார்க்கெட் வளாகத்தில் அரக்கோணம், கும்மிடிப்பூண்டி ரயில்கள். ஏழெட்டுத் திசையில் கூட்டம் பிரிந்துபோகிறது, நடுவில் தேங்காமல். கொச்சியில் கலூர் மைதானத்துக்கும், கொல்கத்தாவில் சால்ட் லேக் மைதானத்துக்கும், டெல்லியின் நேரு ஸ்டேடியத்துக்கும் அந்தந்தப் பெயரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. நமக்கு அது இல்லை, ஆனால் வாய்த்திருப்பது அதைவிட மேல். புதிதாகக் கட்டும் பணத்தில் கால்வாசியை எடுத்து, சென்ட்ரலை ஒட்டியிருக்கும் ரிப்பன் மாளிகையிலிருந்து ஸ்டேடியம் வரை அகலமான, வெளிச்சமான நடைபாதை போட்டால் போதும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பச்சை வழித்தடத்தில் இருக்கும் நேரு பார்க் நிலையம் இந்த ஸ்டேடியத்துக்கு உரியதல்ல. பெயரைப் பார்த்து அங்கே இறங்கினால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டிவரும். எழும்பூர் தாண்டிச் சென்ட்ரலில் இறங்குங்கள்.

இனி மேடவாக்கத்துக்காரருக்கு. வண்டியில் நேராகப் பெரியமேடு வரை போகாதீர்கள். சைடன்ஹாம்ஸ் சாலையில் வண்டியை நிறுத்த இடம் தேடும் நேரத்தில் ஒரு கோல் போய்விடும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வேளச்சேரி வரை பேருந்து, அங்கிருந்து பறக்கும் ரயிலில் பூங்கா நகர். மலிவு, உட்கார இடமும் கிடைக்கும். திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை மட்டும் கிளம்புமுன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கூடுதல் நேர ஆட்டமாக இருந்தால் இடிக்கும். மற்றது, கிண்டி மெட்ரோவில் இருசக்கர வாகனத்தை நிறுத்திவிட்டு நீல வழித்தடத்தில் சென்ட்ரல். அரை மணிக்குள் போய்விடலாம். தலைக்கவசத்தை வண்டியிலேயே பூட்டிவிடுங்கள். திரும்புவதற்கான காசைச் சிங்காரச் சென்னை அட்டையில் முன்பே போட்டு வைத்திருங்கள். ஆட்டம் முடிந்ததும் ஓட வேண்டாம். வெளியே வந்து எதையாவது சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் கழித்துக் கிளம்பினால், சென்ட்ரலில் நகரும் படிக்கட்டில் இடித்துக்கொள்ளாமல் ஏறலாம். கிண்டிக்கு நான் கிளம்புவதும் அந்த ரயிலில்தான்.